பின்னால் வேன் வரட்டுமா, பையை நாமே சுமப்போமா?

எட்டுப் பேர் சேர்ந்து சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குச் சைக்கிளில் போவது என்று முடிவாகிவிட்டது. ஜனவரி முதல் வாரம் கிளம்பிப் பொங்கலுக்குள் வீடு திரும்ப வேண்டும். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக, முட்டுக்காடு தாண்டி ஒரு டீக்கடையில் உட்கார்ந்து இதைத்தான் பேசுகிறோம். எந்த டயர் நல்லது, ஜெல் சீட் தேவையா, திருச்சி, மதுரை வழியாகப் போகும் ஜி.எஸ்.டி. ரோடா, கடலோரமாகப் போகும் ஈ.சி.ஆரா என்று பேச்சில் அனல் பறக்கிறது. நடுவில், தபால் துறையில் ஓய்வு பெற்ற எங்கள் குழுவின் மூத்தவர் (எங்களுக்கு அவர் 'சார்') மெதுவாகக் கேட்டார்: "அதெல்லாம் சரி, பை எங்கே இருக்கும்?"

எல்லோரும் சிரித்துவிட்டோம். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான், தீர்மானிக்க வேண்டியதே அந்த ஒன்றுதான் என்று பட்டது. பை வேனில் வருமா, நம் கேரியரில் இருக்குமா என்று முடிவு செய்துவிட்டால், எங்கே தூங்குவோம், என்ன சாப்பிடுவோம், யாருக்காக யார் காத்திருப்போம் என்பதில் பாதி தானாகவே முடிவாகிவிடும். நான் இரண்டு விதமாகவும் போயிருக்கிறேன். பன்னிரண்டு பேர் வேன் வைத்துக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோடு வழியாகக் கன்னியாகுமரி வரை ஒரு தடவை. ஏழு பேர் அவரவர் பையைக் கட்டிக்கொண்டு கடலோரமாக வேதாரண்யம் வரை ஒரு தடவை. அந்த இரண்டிலும் பட்டதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

வேனோடு போன கதை

வேன் என்று சொன்னாலும் பல குழுக்களுக்கு அது குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டிதான். எங்களுக்குப் பின்சீட்டைக் கழற்றிய ஒரு பழைய வேன் கிடைத்தது. பன்னிரண்டு பை, இருபது லிட்டர் தண்ணீர் கேன் நான்கு, ஒரு வாழைத்தார், உபரிச் சக்கரம் இரண்டு, முதலுதவிப் பெட்டி எல்லாம் அதில் ஏறிவிட்டன. சைக்கிளில் இரண்டு தண்ணீர் பாட்டிலும் பஞ்சர் சாமானும் மட்டும். தாம்பரம் தாண்டி, பெருங்களத்தூர் நெரிசல் விட்டு, செங்கல்பட்டு கொளவாய் ஏரிக்கரையில் காற்று முகத்தில் அடித்தபோது, சுமை இல்லாத சைக்கிளைப் போல ஒரு சுகம் உலகத்தில் இல்லை என்று தோன்றியது.

வேன் பின்னாலேயே வரும் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தோம். அப்படி வராது. நான்குவழிச் சாலையில் ஒரு வேன் 20 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தால், பின்னால் வரும் லாரிக்கு அதுவே ஆபத்து. ஆகவே டிரைவர் 25 கி.மீ. முன்னால் போய் நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். முன்பெல்லாம் புளியமரத்தடியில் நிறுத்தலாம். சாலையை அகலப்படுத்தியபோது அந்த மரங்களில் பல போய்விட்டதால் இப்போது பெட்ரோல் பங்க் கூரைதான் நிழல்.

இதில் ஒரு விஷயம் இரண்டாம் நாள்தான் எனக்கு உறைத்தது. வேகமாக ஓட்டுபவர்கள் எட்டேகாலுக்கு வேனிடம் வந்துவிடுவார்கள். வாழைப்பழம் தின்று, காலை நீட்டி, வீட்டுக்குப் போன் பேசி, அரட்டையும் அடித்து முடித்திருப்பார்கள். கடைசி ஆள் ஒன்பது மணிக்கு மேல் மூச்சு வாங்க வந்து சேருவார். அவர் வந்ததும் எல்லோரும், "சரி, எல்லாரும் வந்தாச்சு, கிளம்பலாமா?" என்று எழுந்துவிடுவார்கள். அதாவது, யாருக்கு ஓய்வு அதிகம் தேவையோ அவருக்குத்தான் ஓய்வு மிகக் குறைவு. இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. வேன் நிற்கிற இடம்தான் அன்றைய இலக்கு என்று ஆனதும், அடுத்த சைக்கிளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பன்னிரண்டு பேர் கிளம்பினோம். பகல் முழுவதும் ஓட்டியது பன்னிரண்டு தனி ஆட்கள்.

மூன்றாம் நாள் விராலிமலை பக்கம் ஒருவருக்கு முட்டி வலி. வேனில் ஏறினார். நியாயம்தான். மறுநாள் முட்டி வலி இல்லாத இருவர் ஏறினார்கள். வேனில் ஏறுவது கொட்டாவி மாதிரி, ஒருவர் விட்டால் பக்கத்தில் இருப்பவருக்கும் வந்துவிடும். திருநெல்வேலிக்குள் நுழைந்தபோது மிதித்துக்கொண்டு வந்தது ஏழே பேர். கன்னியாகுமரியில் எடுத்த படத்தில் பன்னிரண்டு பேரும் சிரிக்கிறோம். அந்த ஐந்து பேரும் அந்தப் படத்தை இன்றுவரை யாருக்கும் அனுப்பியதாகத் தெரியவில்லை.

அப்புறம், பை வீங்கும். சுமக்கப்போவது வேன் என்றால் வீட்டில் எதையும் விட்டுவர மனம் வராது. எங்களில் ஒருவர் தலையணை கொண்டுவந்தார். இன்னொருவர் இஸ்திரிப் பெட்டி. எதற்கு என்று கேட்டோம். "கன்னியாகுமரியில் போட்டோவுக்கு" என்றார். ஒவ்வொரு ராத்திரியும் லாட்ஜ் வாசலில் பன்னிரண்டு பையை இறக்கி, காலையில் ஏற்றுவதற்கே முக்கால் மணி நேரம் போனது.

செலவையும் சொல்லிவிடுகிறேன். ஜி.எஸ்.டி. வழியில் கன்னியாகுமரி சுமார் 700 கி.மீ. வேன் அங்கே நின்றுவிடாது, காலியாகத் திரும்பி வரும் தூரத்துக்கும் நாம்தான் கொடுக்க வேண்டும். ஆக 1,400 கி.மீ. வாடகை, டோல், ஒரு வாரத்துக்கு டிரைவர் பேட்டா, அவர் சாப்பாடு, படுக்கை. பன்னிரண்டு பேர் பங்கு போட்டபோது கையைக் கடிக்கவில்லை. எட்டுப் பேர் என்றால் தலைக்கு ஒன்றரை மடங்கு ஆகும். அந்த டிரைவர் அண்ணனைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாள் முழுக்க வெயிலில் நிறுத்தி, காத்திருந்து, மறுபடி 25 கி.மீ. ஓட்டி, மறுபடி காத்திருக்கும் வேலை அவருக்கு. ஆறாம் நாள் பொறுக்க முடியாமல் கேட்டார்: "ஏன் சார், பஸ்ஸுல ஏறுனா ஒரு ராத்திரிதானே?"

வேனை இவ்வளவு திட்டிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நன்றிகெட்டதனம். கோவில்பட்டி அருகே ஒருவர் சாலையோரச் சரளையில் சறுக்கி விழுந்து முழங்கை கிழிந்தது. அரை மணிக்குள் மருத்துவமனையில் தையல் போட்டாகிவிட்டது. 108-க்கு அழைத்திருக்கலாம்தான். ஆனால் சைக்கிளையும் ஆளையும் ஒருசேர ஏற்றிக்கொண்டு, கூட ஒரு தெரிந்த முகத்தையும் அழைத்துப்போக அந்த வேன் இருந்தது பெரிய தைரியம். கூட வருபவர்களில் இதயத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை சாப்பிடுபவர்கள் இருந்தால், அல்லது கிளம்புவது ஏப்ரல், மே என்றால், இந்தக் கட்டுரையில் மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை. வேன் வைத்துக்கொள்ளுங்கள்.

பையைக் கட்டிக்கொண்டு போன கதை

1949-இல் அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் செய்த ஹெர்குலிஸ் ஒன்று அப்பாவிடம் இருந்தது. அதன் கேரியரில் அரிசி மூட்டை வரும், மூட்டை மேல் நான் வருவேன். இன்றைக்கு நாம் அதைவிடப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கும் கியர் சைக்கிளில் கேரியரே இருப்பதில்லை. ஆகவே முதல் வேலை, பின்சக்கர அச்சுக்கு மேலே சட்டத்தில் கேரியர் மாட்டும் திருகு ஓட்டை இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பது. இருந்தால் கவலையில்லை. இல்லாவிட்டால் சீட் குழாயைக் கவ்வும் கேரியர்தான், அதில் ஒன்பது பத்து கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது. முதுகில் பை மாட்டிக்கொண்டு ஓட்டிவிடலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். மகாபலிபுரம் வருவதற்குள் முதுகு ஊறி, தோள் இறுகி, அந்தக் கனம் முழுக்க உட்காரும் இடத்தில் இறங்கிவிடும். அந்த இடம் ஏற்கெனவே போதுமான அளவு துன்பப்படும்.

பின்சக்கரத்தின் இரு பக்கமும் தொங்கும் பைதான் சரி. பானியர் என்று கடையில் கேட்டால் கொடுப்பார்கள். பின்சக்கரத்தில் 32 அல்லது 36 கம்பி இருந்தால் நிம்மதி. அதற்குக் குறைந்தால், போகும்போதே கம்பி அறுபடும் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்ட வேண்டியிருக்கும். உள்ளே என்ன? ஓட்டுவதற்கு இரண்டு செட் உடை, ராத்திரிக்கு ஒரு லுங்கி அல்லது நைட்டி, மெல்லிய ஈரிழைத் துண்டு, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை, சார்ஜர், மருந்து. கனத்த டவல் வேண்டாம், அது கன்னியாகுமரி போனாலும் காயாது. பஞ்சு வைத்த ஷார்ட்ஸை ஜட்டி இல்லாமல் போட்டு, தினமும் துவைத்து, லாட்ஜ் மின்விசிறிக்கு நேர் கீழே கொடி கட்டிக் காயப்போட வேண்டும். இதை வெட்கப்பட்டு யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. எரிச்சலுக்கும் உராய்வுக்கும் தேங்காய் எண்ணெய் அல்லது வாசலின்.

இவ்வளவையும் ஏழு கிலோவுக்குள் அடக்கிவிடலாம். சமதரையில் அந்த ஏழு கிலோ அவ்வளவாகத் தெரியாது. நின்று கிளம்பும்போதும், மேம்பாலம் ஏறும்போதும், எதிர்காற்றிலும்தான் தெரியும்.

இனிமேல் சொல்வதுதான் என் வாதத்தின் அடித்தளம். தனிப் பை போக, குழுவுக்கென்று பொதுச் சாமான் ஒரு நான்கைந்து கிலோ இருக்கும்: பெரிய பம்பு, செயின் அறுக்கும் கருவி, ஸ்பேனர், உபரி டயர், ஐந்தாறு டியூப், ஓ.ஆர்.எஸ். பாக்கெட், முதலுதவி. வேதாரண்யம் போனபோது இதைச் சமமாகப் பிரிக்கவில்லை. எங்களில் வேகமான இரண்டு பையன்களின் பையில் முழுவதையும் திணித்தோம். மெதுவாக ஓட்டும் அக்கா ஒருவரிடமிருந்து அவருடைய சார்ஜரையும் செருப்பையும்கூட வாங்கி அவர்கள் பையில் போட்டோம். ஒருவர் சைக்கிளில் பத்து கிலோ, ஒருவர் சைக்கிளில் ஐந்து. அன்று மதியத்துக்குள் ஏழு பேரும் ஏறக்குறைய ஒரே வேகத்துக்கு வந்துவிட்டோம்! பம்பு முன்னால் போகிறவரிடம் இருப்பதால், பஞ்சர் ஆனால் அவர் திரும்பி வந்தாக வேண்டும். ஆகவே அவரும் அதிக தூரம் ஓடிப்போவதில்லை. வேனால் இதைச் செய்ய முடியாது. வேன் எல்லோருடைய சுமையையும் பூஜ்யமாக்கிவிடுவதால், கால் பலம் மட்டும்தான் மிச்சம் இருக்கும்.

பொதுச் சாமானில் சிக்கனம் பிடிக்க ஒரு வழி, எல்லோர் சைக்கிளிலும் ஒரே அளவு டயரும் ஒரே மாதிரி வால்வும் இருப்பது. வால்டியூப் போட்ட பழைய வால்வுக்கு எந்தக் கிராமத்துச் சைக்கிள் கடையிலும் காற்று கிடைக்கும். மோட்டார் பைக் வால்வு மாதிரி இருப்பதற்கு எந்தப் பஞ்சர் கடையிலும் கிடைக்கும். ரேஸ் சைக்கிளில் வரும் ஒல்லி வால்வுக்கு, சின்ன அடாப்டர் கையில் இல்லாவிட்டால், மரக்காணம் தாண்டிப் பெரும்பாடுதான். மூன்று பேருக்கு மூன்று வகை என்றால் மூன்று வகை டியூப் சுமக்க வேண்டும்.

இப்போது இதன் கெட்ட பக்கம். சீர்காழிக்கு முன்னால் ஒரு பையனின் பின் கியர் மாட்டியிருக்கும் ஹேங்கர் ஒடிந்துவிட்டது. அது ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனி வடிவம். சென்னையிலேயே சொல்லிவைத்துத்தான் வாங்க வேண்டும். வேன் இருந்தால் சைக்கிளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போயிருப்போம். இல்லாததால் ஒரு கி.மீ. தள்ளிக்கொண்டு போய் ஒரு ஓட்டுக் கொட்டகைச் சைக்கிள் கடையில் நின்றோம். கடைக்காரப் பெரியவர் ஒரு நிமிஷம் பார்த்தார். கியரைக் கழற்றிக் கையில் கொடுத்தார், செயினில் சில கண்ணிகளை வெட்டினார், ஒரே பல்சக்கரத்தில் இறுக்கி மாட்டினார். "இனிமே இது சைக்கிளு," என்றார். மீதி நூறு கி.மீ.க்கும் மேலே அந்தப் பையன் ஒரே கியரில் வந்தான். அந்த உபத்திரவம் சுகமான கதையாகிவிட்டது உண்மைதான். ஆனால் அந்தக் கடை பூட்டியிருந்தால் அன்று என்ன செய்திருப்போம் என்பதற்கு எங்களிடம் பதில் இல்லை. சரக்கு ஆட்டோ பிடித்திருப்போம் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, பெண்கள் சொன்னால்தான் ஆண்களுக்குத் தெரிவது. கழிப்பறை. ஜி.எஸ்.டி. ரோட்டில் அடுத்தடுத்து பெட்ரோல் பங்க் வரும். கடலூருக்குத் தெற்கே கடலோரச் சாலையில் நாங்கள் போனபோது அவ்வளவு அடிக்கடி வரவில்லை, வந்ததிலும் சில பூட்டிக் கிடந்தன. வேன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதில் மாற்றமில்லை. முன்கூட்டியே எந்த ஊரில் நிற்போம் என்று குறித்துக்கொள்வதுதான் வழி. அந்த அக்கா அந்த வேலையை எடுத்துக்கொண்ட பிறகு எங்கள் எல்லோருக்குமே பயணம் ஒழுங்குக்கு வந்தது.

எந்தச் சாலைக்கு எது

பை முடிவானால் சாலையும் முடிவாகிவிடும். காரணம் இதுதான். ஜி.எஸ்.டி. ரோடு செங்கல்பட்டு தாண்டினால் பெரும்பாலும் ஊருக்குள் போகாது. மதுராந்தகம், திண்டிவனம், விழுப்புரம் எல்லாமே பைபாஸுக்கு அந்தப் பக்கம். டீக்கும் லாட்ஜுக்கும் சாலையை விட்டு இறங்கி மூன்று நான்கு கி.மீ. உள்ளே போய்த் திரும்ப வேண்டும். வேன் இருந்தால் அது பிரச்சினை இல்லை, வேனே நடமாடும் டீக்கடை. போதாததற்கு மார்கழியில் அந்தச் சாலையில் மேல்மருவத்தூருக்குப் போகும் செவ்வாடைக்காரர்கள், சபரிமலைக்குப் போகும் வேன்கள், விடியற்காலைப் பனி. பனியில் நான்குவழிச் சாலையின் ஓரத்தில் எட்டு சைக்கிள் போவது எனக்கு ஒப்புதல் இல்லை.

கடலோர வழி சுற்று. புதுச்சேரி, சிதம்பரம், நாகப்பட்டினம், தொண்டி, ராமநாதபுரம், தூத்துக்குடி, திருச்செந்தூர் என்று போனால் 800 கி.மீ.யை ஒட்டி வரும். ஆனால் சாலை பல இடங்களில் ஊர் வழியாகவே போகிறது. பையோடு போகிறவனுக்கு ஊர்தான் வேன். தண்ணீர், பஞ்சர், இட்லி, நிழல் எல்லாம் அங்கேயே இருக்கிறது. காற்றும் நம் பக்கம். ஜனவரியில் வடகிழக்கிலிருந்து வீசும் காற்று தெற்கே போகிறவனை முதுகில் தள்ளும். கோடையில் இதே சாலையில் தெற்கத்திக் காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். ஞாயிற்றுக்கிழமை மகாபலிபுரம் போய்வருகிறவர்களுக்கு அது தெரியும். மரக்காணம் உப்பளங்களில் வெயிலில் கண் கூசும். கறுப்புக் கண்ணாடி பைக்குள் கிடந்து பயனில்லை.

உப்பு என்றதும் ஒன்று. 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் நூறு பேர் அளவில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்க நடந்தார்கள். சுமார் 240 கி.மீ., 13-ஆம் தேதி கிளம்பி 28-ஆம் தேதி போய்ச் சேர்ந்தார்கள். அவர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சை கலெக்டர் அறிவித்திருந்தார். ஊர்க்காரர்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டு வைத்தார்களாம். நாங்கள் வேதாரண்யத்தில் மூன்றாவது பிளேட் பரோட்டா சொல்லிக்கொண்டிருந்தபோது சாருக்கு இது நினைவு வந்து சொன்னார். அதன் பிறகு குழம்பு சூடாக இல்லை என்று யாரும் குறை சொல்லவில்லை.

ராத்திரி

வேன் இருந்தால் கூடாரமும் பாயும் கொண்டுபோகலாம், மண்டபத்தில் படுக்கலாம். பையோடு போனால் லாட்ஜ்தான் என்பார்கள். மார்கழியில் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். மார்கழியில் கல்யாணம் கிடையாது, ஆகவே சின்ன ஊர்களில் கல்யாண மண்டபங்கள் சும்மா கிடக்கும். கேட்டால் மணமகன் அறை ஒன்றைக் குறைந்த வாடகைக்குத் திறந்துவிடுவார்கள், சில இடத்தில் ஜமக்காளமும் கிடைக்கும். எட்டு சைக்கிளையும் ஹாலுக்குள்ளேயே நிறுத்திப் பூட்டலாம். லாட்ஜில் சைக்கிளை மாடிக்குத் தூக்கிப் போகிறோம் என்றதும் மேனேஜர் முகம் மாறும். கெஞ்சிக் கூத்தாடித்தான் ஆக வேண்டும். தை பிறந்துவிட்டால் மண்டபக் கதவு நமக்குத் திறக்காது. கன்னியாகுமரியில் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. ஐயப்ப சீசனில் அங்கே அறை கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் வாடகை ஏறியிருக்கும். அந்த ஒரு ராத்திரியை மட்டும் இப்போதே பதிவு செய்துவிட வேண்டும்.

கூடாரம் எனக்கு வேண்டாம். பனியில் நனைந்த கூடாரத்தைக் காலை நாலரைக்கு மடித்துப் பாருங்கள், நீங்களும் வேண்டாம் என்பீர்கள். குறட்டை விடுகிறவர்களை ஒரே அறையில் போடுவது பழைய விதி, அதை மீற வேண்டாம்.

சாப்பாட்டில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வேனில் அடுப்பும் அரிசியும் ஏற்றிக்கொண்டு சமைத்தபடி போகலாம் என்று யாராவது சொல்வார்கள். வெங்காயம் யார் நறுக்குவது என்ற கேள்வியில் இரண்டாம் நாளே நட்பு முறியும். மெஸ் போதும். மார்கழி விடியலில் பெருமாள் கோயில் பக்கம் போனால் வெண்பொங்கலும் கிடைக்கும், ஒலிபெருக்கியில் திருப்பாவையும் கேட்கும். வழியில் பனங்கிழங்கு, இளநீர். மத்தியானம் முழுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வெயிலில் மிதிக்கக் கூடாது. தயிர்சாதத்தோடு நிறுத்திக்கொண்டு ராத்திரி பார்த்துக்கொள்ளலாம்.

எட்டுப் பேரின் கடிகாரம்

எட்டுப் பேர் போகும்போது வேகத்தைத் தின்பது கால் அல்ல, நிறுத்தம்தான். ஆளுக்கு ஒரு தடவை பத்து நிமிஷம் நிற்க வேண்டியிருந்து, எட்டுப் பேரும் தனித்தனியாக நின்றால், எண்பது நிமிஷம் போய்விட்டது. ஜனவரியில் ஆறரைக்கு விடிந்து ஆறுக்கெல்லாம் இருட்டிவிடும். அந்த எண்பது நிமிஷத்தை எங்கே தேடுவது? ஆகவே ஒருவர் நின்றால் எல்லோரும் நிற்பது, எல்லோரும் அந்த ஒரே நிறுத்தத்தில் தண்ணீர், கழிப்பறை, போன் எல்லாவற்றையும் முடிப்பது என்ற வழக்கம் வேண்டும். இது பையோடு போகும்போது தானாக வரும். வேனோடு போகும்போது சொல்லிச் சொல்லி வாய் வலிக்கும்.

மெதுவாகப் போவது பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. நெடுந்தூரச் சைக்கிள் உலகத்தில் பிரெவே என்ற வகைப் பயணம் உண்டு. 200 கி.மீ.க்கு அவர்கள் தரும் நேரம் 13 மணி 30 நிமிஷம். அதாவது டீ, சாப்பாடு, பஞ்சர் எல்லாம் சேர்த்து மணிக்கு 15 கி.மீ. கூட வேண்டாம். பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் என்ற 1,200 கி.மீ. பயணத்துக்கு 90 மணி நேரம். அங்கேயும் உதவி வண்டி கூடவே வரக் கூடாது, குறித்த சோதனை இடங்களில்தான் உதவி செய்யலாம். நாம் பதக்கத்துக்குப் போகவில்லை. நாளொன்றுக்கு நூறு கி.மீ. போதும்.

சாலையில் எட்டுப் பேரும் ஒரே நீள வரிசையாகப் போனால் பஸ்காரரால் தாண்ட முடியாது. நான்கு நான்காகப் பிரிந்து, நடுவில் ஒரு பஸ் நுழையும் இடம் விட்டு, ஒருவர் பின் ஒருவராகப் போவது நல்லது. முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போவதால் பின்னால் வருகிறவருக்கு உழைப்பு கணிசமாகக் குறையும். அதற்காக முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டிக்கொண்டு வரவும் வேண்டாம். முன்னாலிருந்து "குழி!" என்று கத்தினால் அது கடைசி ஆள் வரை போய்ச் சேர வேண்டும்.

இரண்டுக்கும் நடுவே

டீக்கடையில் ஒருவர் சொன்னது: பெரிய பையைப் பஸ் பார்சலில் நாகப்பட்டினத்துக்கும் ராமநாதபுரத்துக்கும் முன்கூட்டி அனுப்பிவிட்டால் என்ன? கேட்க நன்றாக இருக்கிறது. பார்சல் வந்ததா, யார் எடுத்து வைப்பார், ஞாயிறு திறந்திருக்குமா என்று பாதி வழி அதே கவலையாக இருக்கும். வேண்டாம். அதைவிட உருப்படியான நடுவழி, கஷ்டமான ஒரு நாளுக்கு மட்டும் அந்த ஊரிலேயே சரக்கு ஆட்டோ பேசிக்கொள்வது. தொண்டிக்குத் தெற்கே நிழல் குறைந்த ஒரு நாளுக்கோ, யாருக்காவது காய்ச்சல் வந்தாலோ, பைகளை மட்டும் ஏற்றி அடுத்த ஊர் லாட்ஜில் இறக்கச் சொல்லலாம். திரும்பி வரும் காலி ஓட்டத்துக்கு 700 கி.மீ. காசு கிடையாது.

திரும்பி வர ரயில். டிக்கெட்டைக் காட்டிச் சைக்கிளை லக்கேஜாகப் பதிவு செய்தால் நாம் போகும் வண்டியிலேயே ஏறும். வெறும் பார்சலாகப் போட்டால் அது தனியாகத் தன் வேளை பார்த்து வரும். பெடலைக் கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பி, சாக்குச் சுற்றி, பெயர், ஊர், போன் எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிக் கட்ட வேண்டும். பார்சல் ஆபீசுக்கு இரண்டு மணி நேரம் முன்னால் போவது நல்லது. ஊசி, சணல் கயிறு நம்மிடமே இருந்தால் இன்னும் நல்லது. பொங்கல் நேர டிக்கெட் என்பதால் இதை இப்போதே போட்டாக வேண்டும்.

எங்கள் எட்டுப் பேருக்கு நான் சொல்வது: கடலோர வழி, அவரவர் பை, வேன் வேண்டாம். சார் வயதைச் சொல்லி வேன் கேட்டவர்கள் இருக்கிறார்கள். சாரையே கேட்டேன். "வேன் இருந்தா என்னைத்தாம்பா முதல்ல ஏத்துவீங்க," என்றார். அவருக்கு நாலு கிலோ போதும், மீதியைக் கல்லூரிப் பையன் எடுத்துக்கொள்வான். பெரிய பம்பும் அவனிடம்தான். பொதுப் பணம் அக்காவிடம், கணக்கு அன்றன்றைக்கு ராத்திரி.

வருகிற ஞாயிறு பையோடு ஓர் ஒத்திகை, மகாபலிபுரம் வரை. காலை ஐந்தேகாலுக்குத் திருவான்மியூர் டீக்கடை. மளிகைக் கடை அண்ணாச்சியிடம் கொக்கித் தராசு இரவல் வாங்கியிருக்கிறேன். ஒவ்வொரு பையும் அதில் தொங்கிய பிறகுதான் கேரியரில் ஏறும். இஸ்திரிப் பெட்டிக்காரர் இந்த முறையும் வருகிறார். அவர் பையைத் திறந்தே பார்க்கப்போகிறேன்.